முட்டையோட்டில் இருக்கிறது எலும்பு: ஆமைப் பொரிப்பகத்தில் கற்றவை

பொரித்து முடிந்த ஆமைக் கூட்டைத் தோண்டுவதற்கு யாரும் முந்திக்கொண்டு வருவதில்லை. குஞ்சுகளைக் கடலில் விடும் இரவில் பொரிப்பகத்தைச் சுற்றி ஐம்பது பேர் நிற்பார்கள். மூன்று நாள் கழித்து, முழங்கை வரை மணலுக்குள் கையை விட்டு, வெற்று ஓடுகளையும் அழுகிய முட்டைகளையும் வெளியே எடுக்கும் காலையில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். ஆமை வேலையில் நான் கற்றதில் பெரும்பகுதி அந்தக் காலைகளில் கற்றது. முட்டையோட்டைக் கரைத்துத்தான் குஞ்சு தன் எலும்பைக் கட்டுகிறது என்பதும் அங்கே தெரிந்துகொண்டதுதான்.

சென்னையின் தென்பகுதிக் கடற்கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமைக்காக இரவு நடை போவது பழைய வழக்கம். 1970-களின் தொடக்கத்தில் பாம்புப் பண்ணையைச் சார்ந்த இளைஞர்கள் தொடங்கியது; 1988 முதல் கல்லூரி மாணவர்கள் கையிலெடுத்துத் தொடர்கிறார்கள். இங்கே கரையேறுவது பங்குனி ஆமை. தை, மாசியிலேயே வரத் தொடங்கிவிடும் என்றாலும் மீனவர்கள் அதற்குப் பங்குனியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கரையோர விளக்குகள், நாய்கள், கூட்டம் இவற்றால் முட்டைகளை இருந்த இடத்தில் விட முடியாது. எடுத்து வந்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைப்போம். ஒரு கூட்டில் நூறு, நூற்றிருபது முட்டைகள் இருக்கும். நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து நாளில் பொரிக்கும்.

நான் சேர்ந்த மூன்றாம் பருவத்தில் ஒரு கூட்டைக் கெடுத்தேன். அன்று இரவு நடைக்கு ஆள் குறைவு. விடிந்த பிறகு ஒரு பெரியவர் தடத்தைக் காட்டினார். அலை பாதித் தடத்தை அழித்திருந்தது. ஆமை முன்னிரவிலேயே வந்து போயிருக்க வேண்டும். நான் அவசரப்பட்டேன். முட்டைகளைத் துணிப்பையில் அள்ளி, இருசக்கர வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு, மேடுபள்ளமான சாலையில் ஓட்டிவந்து, குழியில் பையைச் சாய்த்துக் கொட்டினேன். 113 முட்டைகள். ஒன்றுகூட உடையவில்லை என்பதில் அன்று எனக்கு நிம்மதி. ஆமை முட்டை கோழி முட்டையைப் போல உடையாது. புதிதாக இட்டது பிங்பாங் பந்தின் பருமனில், விரலால் அழுத்தினால் குழிந்து கொடுக்கும். உடையாததால் கெடவில்லை என்று நினைத்துவிட்டேன்.

ஐம்பத்திரண்டாம் நாள் 31 குஞ்சுகள் மட்டும் வெளியே வந்தன. அன்றே பக்கத்துக் கூட்டிலிருந்து 98 வந்தன. அதே மணல், அதே நிழல்.

இரண்டு கூடுகளையும் ஒரே காலையில் தோண்டினோம். எங்கள் குழுவில் விலங்கியல் ஆசிரியையாக இருக்கும் அக்கா ஒருவர் உடன் வந்தார். நான் ஓடுகளை எண்ணிக் குவித்துக்கொண்டிருந்தபோது அவர் என் இரண்டு உள்ளங்கைகளையும் விரிக்கச் சொன்னார். இடது கையில் பக்கத்துக் கூட்டின் வெற்று ஓடு ஒன்றை வைத்தார். வலது கையில் என் கூட்டில் பொரிக்காமல் கிடந்த முட்டையைக் கத்தரியால் வெட்டி, கழுவி, அதன் ஓட்டை வைத்தார். கட்டை விரலால் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். இடது கையில் இருந்தது நனைந்த காகிதம் போலத் துவண்டது. வெள்ளைப் பூச்சு செதில் செதிலாக விரலோடு வந்தது. அடியில் மஞ்சள் பாரித்த தோல் போன்ற படலம் தெரிந்தது. வலது கையில் இருந்தது இன்னும் விறைப்பாக, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் போலச் சொரசொரப்பாக இருந்தது. முட்டைக்குள்ளே கரு அரை விரல் நீளம்கூட இல்லை. இரண்டு கறுப்புக் கண் புள்ளிகள் மட்டும் துலக்கமாகத் தெரிந்தன.

“இதைக் குஞ்சு சாப்பிட்டிருக்கிறது. அதைச் சாப்பிடும் வயது வரவே இல்லை” என்றார் அக்கா.

அன்று முதல் ஓட்டைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஆமை, ஓணான், பாம்பு, முதலை எல்லாமே தாய்ப்பால் இல்லாத கூட்டம். குட்டி வெளியே வரும்போது அதன் எலும்பு, தாடை, முதுகோட்டுத் தகடுகள் எல்லாம் உருவாகியிருக்க வேண்டும். பிறந்த நிமிடத்திலிருந்து அது தானே ஓட வேண்டும், நீந்த வேண்டும். அதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தாய் இரண்டு இடங்களில் வைத்துவிட்டுப் போகிறாள்: மஞ்சள் கருவில் கொஞ்சம், ஓட்டில் மீதி. எங்கள் பகுதி மீனவப் பெரியவர் ஒருவர் முன்பு என்னிடம் கேட்டிருந்தார்: “முட்டையிட்டுவிட்டு அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையே தம்பி, குட்டிக்கு யார் ஊட்டுவது?” அடுத்த பருவத்தில் அவருக்குப் பதில் சொன்னேன். கட்டுச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறது ஐயா. சோறு தீர்ந்தால் கட்டிய இலையையும் உண்ணலாம் என்றேன். அவருக்கு அது உடனே புரிந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் இப்போது அப்படியே சொல்கிறேன்.

எந்த இடத்தில் எவ்வளவு என்பது இனத்துக்கு இனம் மாறும். பாம்பும் ஓணான் வகையும் பெரும்பாலும் மஞ்சள் கருவை நம்பியவை; அவற்றின் ஓடு மெல்லிய தோல், அதில் சுண்ணாம்பு சொற்பம், கரு அதிலிருந்தும் ஓரளவு எடுத்துக்கொள்ளும். கண்ணாடி விரியன் போலக் குட்டியாகவே ஈனும் பாம்புக்கு ஓடு என்ற ஒன்றே இல்லை. அங்கேயும் மஞ்சள் கருதான் முதல் கிடங்கு. கோழி இதற்கு நேர் எதிர்: குஞ்சின் உடலில் உள்ள கால்சியத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஓட்டிலிருந்து வருகிறது. கடல் ஆமைகள் இந்த விஷயத்தில் கோழிப் பக்கம்தான் நெருக்கம். கென்னத் சிம்கிஸ் 1962-இல் ஏழுவரி ஆமையின் முட்டைகளையும் குஞ்சுகளையும் அளந்து, குஞ்சின் உடலில் இருக்கும் கால்சியம் மஞ்சள் கருவில் இருந்ததைவிடப் பல மடங்கு என்று காட்டினார். மீதியைக் கொடுக்க முட்டைக்குள் ஓட்டைத் தவிர வேறு கிடங்கு இல்லை. ஒடிசாவில் பங்குனி ஆமை முட்டைகளை ஆராய்ந்தவர்களும் ஓட்டின் பங்கு பாதிக்கு மேல் என்றே கண்டார்கள்.

ஓடு எப்படிக் கரைகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கரு வளர வளர அதன் உடலிலிருந்து ஒரு சவ்வு பை போலப் புடைத்து வெளியே வந்து, ஓட்டின் உட்புறம் முழுவதும் ஒட்டிப் படர்கிறது. கோரியோஅலன்டோயிக் சவ்வு என்பது அதன் பாடநூல் பெயர். நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெருக்கமாகப் பின்னிய சவ்வு அது. கருவுக்கு அதுதான் நுரையீரல்: ஓட்டின் துளைகள் வழியே வரும் ஆக்சிஜனை வாங்கி, கரியமில வாயுவை வெளியே விடுகிறது. அதே சவ்வுதான் ஓட்டிலிருந்து கால்சியத்தையும் எடுக்கிறது. கோழிக் கருவில் இந்த வழி நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. சவ்வின் உயிரணுக்களில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி, கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்து அமிலமாக்குகிறது. அந்த அமிலம் ஓட்டின் உட்புறச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. கரைந்த கால்சியம் இரத்தத்தில் ஏறி எலும்புக்குப் போகிறது. கரு மூச்சு விட்டு வெளியேற்றும் கழிவே ஓட்டைக் கரைக்கும் கருவியாகிவிடுகிறது. இதை முதன்முதலாகப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பள்ளிகளுக்குப் போகும்போது ஒரு கோழி முட்டையும் ஒரு டம்ளர் வினிகரும் எடுத்துப் போகிறோம். முட்டையை வினிகரில் போட்டதும் ஓடு முழுவதும் குமிழி பூக்கும். மறுநாள் ஓடு கரைந்துபோய், முட்டை தோல் பந்தாக மிதக்கும். கூட்டுக்குள் நடப்பது இதே வேலைதான். அங்கே உள்ளிருந்து, மிக மெதுவாக, தேவையான அளவுக்கு மட்டும். கோழி ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. குஞ்சு அதில் எடுப்பது 100 மில்லிகிராமுக்குச் சற்றே அதிகம். அதனால்தான் கோழி ஓடு பொரித்த பிறகும் ஓடாகவே நிற்கிறது. ஆமையின் ஓடு தோலின் மேல் பூசிய மெல்லிய சுண்ணாம்பு அடுக்கு மட்டுமே. எடுத்தால் கைக்குத் தெரிகிறது. அந்தச் சுண்ணாம்பின் படிக அமைப்பும் வேறு. கோழி, முதலை ஓடுகளில் இருப்பது கால்சைட். ஆமை ஓட்டில் இருப்பது சிப்பியின் முத்துப் படலத்தில் உள்ள அரகோனைட்.

இந்த வேலை முதல் வாரத்தில் தொடங்குவதில்லை. தொடக்கத்தில் எலும்பு இல்லை, குருத்தெலும்புதான். மஞ்சள் கருவில் உள்ளதே போதும். கடைசி மூன்றில் ஒரு பங்குக் காலத்தில் எலும்பு இறுகத் தொடங்கும்போதுதான் தேவை சட்டென்று ஏறுகிறது. ஆகவே பாதியில் இறந்த கருவின் ஓடு ஏறக்குறைய முழுதாக இருக்கும். என் வலது கையில் இருந்தது அதுதான்.

அது ஏன் பாதியில் இறந்தது என்பதற்கும் ஓட்டிடமே பதில் இருந்தது. தாயின் வயிற்றில் இருக்கும்வரை ஆக்சிஜன் போதாமல் கரு வளர்ச்சியை நிறுத்தி வைத்துக் காத்திருக்கிறது. முட்டை வெளியே வந்து காற்றுப் பட்ட சில மணி நேரத்தில் மறுபடி வளரத் தொடங்குகிறது. அப்போது கரு முட்டையின் மேற்பக்கம் ஏறி, அங்கே ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் சுண்ணாம்பு போல ஒரு வெள்ளைத் திட்டு தோன்றி நாளுக்கு நாள் பரவும். ஒட்டிய பிறகு முட்டையைப் புரட்டினால் அந்த மெல்லிய பிடி கிழிகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கொலின் லிம்பஸும் உடன் பணியாற்றியவர்களும் 1970-களின் இறுதியில் பெருந்தலை ஆமை முட்டைகளில் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். நான் மேடுபள்ளத்தில் குலுக்கிக் கொட்டியது சரியாக அந்த ஆபத்தான நேரத்தில். 82 முட்டைகள். அந்த எண் எனக்கு மறக்காது.

இப்போது எங்கள் முறை இப்படி. முட்டையிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துப் புதைத்துவிட்டால் கவலை இல்லை; அதனால்தான் இரவு நடையில் ஆள் குறையக் கூடாது. நேரம் கடந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் பையைத் தொடுவதே இல்லை. அகலமான வாளியில் கூட்டின் ஈர மணலையே நாலு விரற்கடை பரப்பி, ஒவ்வொரு முட்டையாக எடுத்து, மேற்பக்கம் மேற்பக்கமாகவே இருக்கும்படி அடுக்குகிறோம். மெழுகு பென்சிலால் மேலே ஒரு சிறு புள்ளி வைப்பவர்களும் உண்டு. வாளியைக் கையில் தூக்கி நடந்தே வருகிறோம், வண்டி கிடையாது. குழியிலும் ஒவ்வொன்றாகக் கையால்தான் இறக்குவது. விடிந்து பல மணி நேரம் ஆன கூடு என்றால், இருக்கும் இடத்திலேயே வேலியிட்டுக் காவல் காக்க முடியுமா என்று முதலில் பார்ப்போம். முடியுமானால் அதுவே உத்தமம்.

கழுவக் கூடாது. ஒட்டியிருக்கும் மணலைத் தட்டிவிட வேண்டும் என்று புதிதாக வருபவர்களுக்குக் கை பரபரக்கும், வேண்டாம். முட்டையோடு வரும் வழுவழுப்பான திரவமும் ஈர மணலும் அப்படியே இருக்கட்டும்.

ஈரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுண்ணாம்போடு அதற்குள்ள தொடர்பு பலருக்குத் தெரிவதில்லை. மேரி பேக்கார்டும் கேரி பேக்கார்டும் அமெரிக்காவில் கடிக்கும் நன்னீர் ஆமை ஒன்றின் முட்டைகளை ஈர மண்ணிலும் வறண்ட மண்ணிலும் வைத்துப் பல ஆண்டுகள் ஒப்பிட்டார்கள். ஈரத்தில் வளர்ந்த கருக்கள் கிடங்கிலிருந்து அதிகம் எடுத்துக்கொண்டு பெரிய குஞ்சுகளாக வந்தன. வறட்சியில் வளர்ந்தவை சிறுத்தன. தாய் வைத்துப்போன கிடங்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். எடுத்துக்கொள்ளத் தண்ணீர் வேண்டியிருந்தது. இதைப் படித்த பிறகு, ஏப்ரல் வெயிலில் மேல் மணல் காய்ந்து கூட்டின் ஓரம் சரிய ஆரம்பிக்கும்போது நாங்கள் சும்மா இருப்பதில்லை. கையால் ஒரு முழம் தோண்டிப் பார்ப்போம். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் வரக் கூடாது. உருண்டை நிற்கவில்லை என்றால் மாலையில் மேலே நன்னீர் தெளிப்போம். குடம் குடமாக ஊற்றுவது வறட்சியைவிட மோசம்: மணல் துகள்களுக்கு இடையில் காற்று போக வழியில்லாமல் சவ்வு மூச்சுத் திணறும். தென்னங்கீற்று நிழல் போடுவதும் கட்டாயம். மணல் 34, 35 டிகிரியைத் தாண்டினால் கருக்கள் சாகத் தொடங்குகின்றன. அதற்கும் கீழே, சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண் என்ற கணக்கு வேறு இருக்கிறது. அது இன்னொரு நாளைக்கு.

ஒரு முறை நல்ல மனம் கொண்ட அன்பர் ஒருவர் ஒரு மூட்டை கிளிஞ்சல் பொடி கொண்டுவந்தார். ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டும் என்று நான் பேசியதைக் கேட்டவர். மணலில் கலந்துவிடலாமே என்றார். நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினேன். கரு சுண்ணாம்பைக் கரைப்பது ஓட்டின் உட்புறத்திலிருந்து. வேண்டியதைத் தாய் ஏற்கெனவே பூசிவிட்டாள். வெளியே மாவு போன்ற பொடியைக் கலந்தால் மணலின் காற்றுவழி அடைபடும். எறும்புக்கு என்று பொரிப்பகத்துக்குள் சுண்ணாம்புத் தூள் தூவுவதையும் இதே காரணத்துக்காக நிறுத்தினோம். கூட்டுக்குச் சத்து சேர்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், அதைக் கடலில் உள்ள தாய்க்கு வையுங்கள். அது உண்ணும் நண்டும் நத்தையும் இறாலும்தான் பிறகு மஞ்சள் கருவாகவும் ஓடாகவும் மாறுகின்றன.

சில முதலை வகைகளின் முட்டையில் வெளியிலிருந்தும் ஓடு கரைகிறது. அமெரிக்க அலிகேட்டர் அழுகும் இலைதழைகளைக் குவித்து அதற்குள் முட்டையிடும். அந்தக் குவியலில் உண்டாகும் அமிலங்கள் ஓட்டின் வெளிப்புறத்தைப் படிப்படியாக அரிக்கின்றன என்று மார்க் ஃபெர்குசன் 1981-இல் எழுதினார். உள்ளே கரு கரைக்கிறது, வெளியே கூடு கரைக்கிறது. பொரிக்கும் நாளில் குட்டி உடைக்கும் அளவுக்கு ஓடு இளகியிருக்கிறது. தாய் தேர்ந்தெடுத்த இடமும் ஓட்டோடு சேர்ந்ததுதான் என்று இதைப் படித்தபோது தோன்றியது. அதனால், ஆமை முட்டைகளையும் கூடுமானவரை அதே கடற்கரையின் மணலிலேயே வைக்கிறோம். லாரி மணல் கொட்டுவதில்லை. ஒரே இடத்தில் வருடா வருடம் புதைத்தால் பூஞ்சையும் கிருமியும் பெருகும் என்பதால், பொரிப்பகத்தை ஒவ்வொரு பருவமும் சற்றுத் தள்ளி அமைக்கிறோம்.

கூடு தோண்டும் நோட்டுப் புத்தகத்தில் இப்போது ‘ஓடு’ என்று ஒரு பத்தி இருக்கிறது. பொரிக்காத முட்டையைத் திறந்து, கரு எந்த நிலை என்று எழுதுகிறோம்: அறிகுறியே இல்லை, கண் புள்ளி, நிறமில்லாத உடல், நிறம் ஏறிய முழுக் குஞ்சு. பக்கத்தில் ஓடு விறைப்பா, துவண்டதா என்று ஒரு சொல். ஓடு மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அழுகும் முட்டையில் பூஞ்சையும் கிருமியும் ஓட்டைத் தின்னும், ஆகவே கருவின் நிலைதான் முதல் சாட்சி. இரண்டும் பொருந்தினால் தெளிவு கிடைக்கும். கண் புள்ளி நிலையில் விறைத்த ஓடுகளோடு பல முட்டைகள் ஒரே கூட்டில் இருந்தால், அந்தக் கூட்டை எடுத்து வந்தவரிடம் போய் எப்போது, எப்படி எடுத்தாய் என்று கேட்போம். திட்டுவதற்காகக் கேட்பதில்லை. நான் செய்ததை அவரிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் கேட்பேன். முழுக் குஞ்சு ஓட்டைக் கீறியும் வெளியே வராமல் இறந்திருந்தால் மணல் இறுகிவிட்டதா, சூடு ஏறிவிட்டதா என்று குழியைப் பார்ப்போம்.

இவை எல்லாம் வனத்துறை அனுமதியோடு செய்யும் வேலை. பங்குனி ஆமை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. முட்டையைத் தொடுவதும் குற்றம். கடற்கரையில் தடம் கண்டால் கலைக்காமல், வனத்துறைக்கோ இரவு நடைக் குழுவினருக்கோ உடனே சொல்லுங்கள், மணி எத்தனை என்று குறித்துக்கொண்டு சொல்லுங்கள். எங்களுக்கு இடத்தைவிட நேரம் முக்கியம்.

வெற்று ஓடுகளையும் நினைவாக வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. குழந்தைகள் கேட்பார்கள், உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்க்கக் கொடுப்போம், கையைக் கழுவச் சொல்வோம், ஓட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வோம். எண்ணி முடித்ததும் பொரிப்பகத்திலிருந்து நன்றாகத் தள்ளி, அடும்புக்கொடி படர்ந்த மேட்டுப்பக்கம், நாய் தோண்டாத ஆழத்தில் எல்லாவற்றையும் புதைக்கிறோம். இந்தப் பருவத்தின் கடைசிக் கூட்டை நானே எடுத்து வந்தேன். நள்ளிரவு தாண்டி, நடந்து, வாளியில். 107 முட்டைகள். 95 ஓடுகள் துவண்டிருந்தன.